குருதியின் தராசு

இன்று மருத்துவ நூல்களில் வழங்கும் ‘ஆல்கலி’ என்னும் சொல் அரபு மொழி உலகுக்கு ஈந்த கொடைகளுள் ஒன்றாகும். ‘கலா’ என்னும் அரபு வினைக்கு வறுத்தல் என்பது பொருள். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் ‘அல்கல்ய்’ என்றனர். சவர்க்காரம் காய்ச்சுவோர்க்கும் கண்ணாடி வார்ப்போர்க்கும் அச்சாம்பல் இன்றியமையாததாயிற்று. தமிழில் அதனைக் காரம் என்கிறோம். மிளகாயின் காரம் வேறு. அப்பளக்காரத்தில் உள்ள காரமே இது. இதற்கு எதிரானது புளிப்பின் இயல்புடைய அமிலம்.

இச்சொற்களை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் இல்லங்களில் அண்மையில் நுழைந்துள்ள ஒரு கொள்கை. “இறைச்சியும் அரிசியும் குருதியை அமிலமாக்கும், பிணிகளுக்கெல்லாம் அதுவே வேர், காரநீரும் கீரையும் எலுமிச்சையும் உட்கொண்டால் மருந்தே வேண்டா” என்பது அதன் சுருக்கம்.

உண்மை யாது? நலமுள்ளோர் குருதி இயல்பாகவே சற்றுக் காரமுடையது. டென்மார்க் நாட்டு அறிஞர் ஸோரென்ஸன் 1909இல் வகுத்த பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை, குருதியோ 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கும். பிரியாணி உண்டாலும் கீரை உண்டாலும் அது அவ்வெல்லையைத் தாண்டுவதில்லை. உடலில் உண்டாகும் கரியமில வாயுவை நுரையீரல் மூச்சில் வெளியேற்றுகிறது. எஞ்சும் அமிலத்தைச் சிறுநீரகம் கழிக்கிறது. எனவே உணவுக்கேற்ப மாறுவது சிறுநீரேயன்றிக் குருதி அன்று. பட்டினி கிடந்த முயல்களின் சிறுநீர் அமிலமாயிருந்ததையும், புல் தின்றபின் அது காரமானதையும் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1865இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். காரநீரோ இரைப்பையின் கடும் அமிலத்திற் கலந்ததும் தன் காரத்தை இழந்துவிடுகிறது.

இதனை வெறும் ஏட்டறிவாக எழுதவில்லை. என் ராத்தா இருபது ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். காரநீர்க் கருவி விற்க வந்த ஒருவரின் சொல்லை நம்பி ஊசியை நிறுத்திவிட்டார். சில நாட்களில் அடங்காத தாகம், வாந்தி, ஓடி வந்தவர் போல் ஆழ்ந்த மூச்சு, அம்மூச்சில் பழவாடை. குருதியைச் சோதித்த மருத்துவர், “அமிலம் ஏறியிருக்கிறது” என்றார். இன்சுலின் இல்லாதபோது உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை உருக்குகிறது. அதிலிருந்து பிறக்கும் அமிலம் தராசைச் சாய்த்துவிடுகிறது. அதனை ஈடுசெய்யவே நுரையீரல் அவ்வாறு பெருமூச்செறிகிறது. காரம் வேண்டியவரின் குருதி அவ்வாறு அமிலமாயிற்று!

இன்சுலினும் நரம்புவழி ஏற்றிய நீரும், இறையருளால், அவரை மீட்டன. “தண்ணிதானே தம்பி, அது என்ன செஞ்சிடும்னு இருந்தேன்” என்றார். தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. விட்ட மருந்தே அனைத்தையும் செய்தது. இக்கொள்கையை நூல் எழுதிப் பரப்பிய ராபர்ட் யங் என்பவர், உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்திற்காக 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தால் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார்.

அப்படியாயின் கீரையும் காய்கனியும் வீணா? அல்லவே! நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் அவற்றில் நிரம்ப உண்டு. உண்பதில் வரம்பு மீறாமை மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை. நோன்பு திறக்கும் வேளையில் எண்ணெயில் பொரித்தவற்றைக் குறைத்துக் கஞ்சியோடும் கனியோடும் அமைந்தால் உடல் நன்றி கூறும். சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு மருத்துவரே சில வேளைகளில் சோடா உப்பை மாத்திரையாகத் தருவதுண்டு. அது குருதியைச் சோதித்து, அளவறிந்து தரப்படுவது.

ஆதலின் சகோதர சகோதரிகளே, குருதியின் தராசைப் படைத்தவன் அதனைக் காக்கும் உறுப்புகளையும் படைத்தே அனுப்பியுள்ளான். உங்கள் தட்டில் கீரை மிகட்டும். அதன் பெயரால், மருத்துவரைக் கேளாமல் ஒருவேளை மருந்தையேனும் விட்டுவிடாதீர்கள்.