போடு, எடு, பிடி

ஐயம்பேட்டையில் நாங்கள் படித்த காலத்தில் ஆங்கில வகுப்பு பாதி நாடகம். சார் மேசையிலிருந்து புத்தகத்தை எடுப்பார். "ஐ ஆம் டேக்கிங் தி புக்" என்பார். பெஞ்சுமேல் வைப்பார், "ஐ ஆம் புட்டிங் தி புக் ஆன் தி பெஞ்ச்." அப்புறம் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து, எடுத்து, வைத்து, அதையே சொல்ல வேண்டும். சாக்பீஸ், குடை, ஒருநாள் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு என்று எல்லாம் இடம் மாறும். தெருவில் போகிறவர்கள் ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அது அவராகக் கண்டுபிடித்த வித்தை இல்லை என்று வெகுகாலம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. 1959-ல் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஆங்கில ஆசிரியர்களுக்குப் பெரிய மறுபயிற்சி ஒன்று தொடங்கியது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாக இன்னும் பலருக்கு. இப்படியே 27,000 பேரை எட்டுவது திட்டம். அதற்குப் பெயரே 'மெட்ராஸ் ஸ்நோபால்'. பனியையே பார்க்காத ஊர்களுக்குப் பனிப்பந்து! அது உருண்டு உருண்டு எங்கள் சார் வரைக்கும் வந்திருந்தது.

நல்ல முறைதான். டேக் என்றால் எடு என்பது எங்கள் கைகளுக்கே தெரிந்துபோனது. மேல்வகுப்புக்குப் போனதும் வந்தது வினை. பாடப்புத்தகத்து மனிதர்கள் ரயிலை டேக் செய்தார்கள், குளியலை டேக் செய்தார்கள், பரீட்சையைக்கூட விடவில்லை. ஒரு பையன் அப்பாவை 'டேக் ஆஃப்டர்' செய்தான். கேட்டால் அப்பாவின் சாயலாம். வீட்டுப்பாடத்துக்கு 'டூ', தப்புக்கு 'மேக்'. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்றார் புது வாத்தியார். அகராதியில் அர்த்தங்கள் வரிசை கட்டி நின்றன. எது எதோடு சேரும் என்பதுதான் பிடிபடவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் தறியில் எனக்கு வேலை இருக்கும். கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ள அப்போதெல்லாம் பிள்ளைகளைத்தான் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். உடல் நாடா அப்பா கையில், கரை நாடா என் கையில். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கொக்கியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்; ஒன்று தவறினால் அந்த இடத்தில் சேலை பிரிந்து நிற்கும். அதனால் பேச்செல்லாம் நாடாவைப் பார்த்தபடியேதான்.

"டேக்குக்கு ஏம்பா இத்தனை அர்த்தம்?" என்றேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "நாள் பூரா நாம எத்தனை 'போடு' போடறோம்னு எண்ணிப் பாருடா" என்றார், மிதியிலிருந்து காலை எடுக்காமலே.

எண்ண ஆரம்பித்தேன். தறியில் பாவு போட்டார்கள், புட்டா போட்டார்கள். அம்மா விடிகாலையில் கோலம் போட்டாள், எங்களை எழுப்பச் சத்தம் போட்டாள். தாத்தா மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வெற்றிலை போட்டார். கம்பவுண்டர் ஊசி போட்டார், முதலாளி கூலிக் கணக்கு போட்டார், ஊரே ஓட்டுப் போட்டது. டீ போட்டால் தயாரிப்பது. சோறு போட்டால் பரிமாறுவது. இதை எங்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. 'டீ'யையும் 'போடு'வையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தோம், அவ்வளவுதான்.

இதைத்தான் ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1950-களில் எழுதினார்: ஒரு சொல்லை அறிய அதன் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டும் என்று. அவர் 1920-களில் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். எங்கள் ஊர் வினைச்சொற்களை அவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆங்கிலேயர்களுக்கே இது லேசான காரியம் இல்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காக 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லை அலசிய பீட்டர் கில்லிவர், அதற்கு 645 பொருள் கண்டதாக 2011-ல் சொன்னார். அந்த ஒரு சொல் அவருடைய ஒன்பது மாதத்தை விழுங்கியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டில் 'டேக் - எடு' என்று கோடு கிழித்து எழுதவைக்காதீர்கள். 'டேக் எ பாத்', 'டூ ஹோம் ஒர்க்', 'மேக் எ மிஸ்டேக்' என்று சோடி சோடியாகவே எழுதவையுங்கள்.