கடலுப்பும் அயடீனும்

சூரிச்சில் வாழும் நண்பரொருவர் அண்மையில் தொலைபேசியில் உரையாடியபோது, தம் வீட்டில் இனி அயடீன் சேர்த்த உப்புக்கு இடமில்லை என்றார். இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கப்படும் பாறையுப்புக்கும், ஊரிலிருந்து வருவித்த கல்லுப்புக்கும் மாறிவிட்டாராம். “கடலில் விளையும் உப்பில் அயடீன் இயற்கையாகவே இருக்கும்தானே?” என்பது அவரது வாதம். மருமகள் கர்ப்பமாயிருப்பதையும் அதே பேச்சிலேதான் சொன்னார். அதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு; அயடீனோ சுமார் 60 மைக்கிரோகிராம் மட்டுமே. உப்பு விளையும்போது அதில் ஒரு துளியும் இழக்கப்படவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 10 கிராம் உப்பிலிருந்து நமக்குக் கிடைப்பது 20 மைக்கிரோகிராமைக்கூட எட்டாது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 150, கர்ப்பிணிக்கு 250. கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தைரொயிட் சுரப்பு இன்றியமையாதது. அச்சுரப்பு உருவாவதற்கு அயடீன் வேண்டும். அக்காலத்தில் நேரும் கடுமையான குறைபாட்டைப் பின்னர் எந்த மருந்தாலும் முற்றாக ஈடுசெய்ய முடியாது.

வேடிக்கை என்னவென்றால், நண்பர் குடியேறியிருக்கும் சுவிற்சர்லாந்துதான் இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்பித்த நாடுகளுள் முதன்மையானது. பனியுகத்துப் பனியாறுகள் அரித்துச்சென்ற அல்ப்ஸ் மண்ணில் அயடீன் மிகக் குறைவு. கண்டக்கழலை என்னும் கழுத்து வீக்கமும், பிறவியிலேயே அறிவும் உடலும் குன்றிய பிள்ளைகளும் அங்கு தலைமுறை தலைமுறையாக இருந்தனர். ஒட்டோ பயார்ட் என்ற மலைநாட்டு மருத்துவர், 1918 இல், தம் கையாலேயே அயடைட்டை உப்பிற் கலந்து கிறேக்கென் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். கழலைகள் சுருங்கின. 1922 இல் அப்பென்செல் பகுதியில் அவ்வுப்பு பொதுவிற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் அப்பங்கை ஆற்றியது மழை. தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலமாகக் கழலைப் பிரதேசமாகவே அறியப்பட்டிருந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுக்கு இந்த நிலை! உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 இல் இலங்கையிற் கட்டாயமாக்கப்பட்டது. போர்ச் செய்திகள் முன்பக்கத்தை நிறைத்த அந்த ஆண்டில், நான் பணியாற்றிய செய்திப்பிரிவில் அது உப்புச்சப்பற்ற செய்தியாகவே கருதப்பட்டு உள்பக்க மூலையொன்றில் ஒதுங்கியது. அவ்வாண்டில் வெளியானவற்றுள் மக்களுக்கு அதைவிடப் பயன்பட்ட செய்தி வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மீனும் இறாலும் பாலும் முட்டையும் தாராளமாக உண்போருக்கு ஓரளவு அயடீன் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும். சைவ உணவுக்காரர் உப்பையே நம்பியிருக்க வேண்டும். அதற்காக உப்பைக் கூட்டி உண்ணுங்கள் என்று சொல்லவில்லை, குருதியழுத்தம் காத்திருக்கிறது. தைரொயிட் நோய்க்கு மருந்தெடுப்போர் தம் மருத்துவரிடம் கேட்டே எதையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. நம் அம்மாமாருக்குக் கல்லுப்பைக் கழுவிப் பாவிக்கும் வழக்கமுண்டு. கல்லுப்பில் அயடீன் மேற்பரப்பிலேயே படிந்திருக்கும். கழுவும் நீரோடு அதுவும் போய்விடும். அடுப்பங்கரையில் திறந்து கிடக்கும் உப்புச் சிரட்டையிலும் ஈரமும் சூடும் பட்டு அது குறைந்துகொண்டே வரும். மூடியுள்ள சாடியில் வைத்து, கறி இறக்கும் தறுவாயில் உப்பைப் போட்டால் போதும்.