உருக்காலையில் ஐந்நூறு படுக்கைகள்

நான் குடியேறிய இங்கிலாந்து 2020 மார்ச் 26 முதல் பத்து வாரம், வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு, மருத்துவமனை ஊழியர்களுக்காக வாசலில் நின்று கைதட்டியது. அடுத்த மார்ச்சில் செவிலியர்களுக்கு அரசு முன்மொழிந்த ஊதிய உயர்வு 1 சதவீதம். அவர்கள் சங்கம் கேட்டது 12.5, கிடைத்தது 3. 2022 டிசம்பர் 15 அன்று அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே மாதம் 31ஆம் தேதியோடு, கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் சேர்த்த 2,300க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணியைத் தமிழ்நாடு அரசு முடித்துக்கொண்டது. அவர்கள் போராடிய ஊர்களில் சேலமும் ஒன்று. இங்கே ஊதியம் உயர வேண்டும் என்று போராடினார்கள். அங்கே, வேலையே போகக் கூடாது என்று.

சேலத்து மக்களுக்கு 2021 மே மாதம் மறக்காது. கொரோனா நோயாளிகளால் ஜி.ஹெச். நிரம்பிவிட்டதால் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் போட்டார்கள். மே 20 அன்று முதல்வர் திறந்துவைத்தார். பெரிய சாதனைதான். ஆனால் கொட்டகையும் குழாயும் கட்டிலும் சில வாரங்களில் அமைந்துவிடும். பிபிஇ உடைக்குள் வியர்வையில் ஊறியபடி ஆக்சிஜன் அளவைப் பார்த்து, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மூச்சு வாங்குகிறவருக்குத் தைரியம் சொல்லும் நர்ஸ் உருவாக மூன்று, நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டும். படித்தவர்கள் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தக் கட்டில்கள் பயன்பட்டன.

தற்காலிகம் என்று தெரிந்துதானே அந்த ஒப்பந்தச் செவிலியர்கள் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்கலாம். நோய் முடிந்ததால் தேவையும் முடிந்ததென்றால் அந்தக் கேள்வி நியாயம். தேவை முடியவில்லையே! நாமக்கல் உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்றுதான் திறக்கப்பட்டன. அவற்றுக்கும் செவிலியர்கள் வேண்டும். அவர்களை எடுத்தபோது இட ஒதுக்கீட்டு விதி பின்பற்றப்படவில்லை என்று, பணியை முடித்ததற்கு அரசு சொன்ன காரணம் கனமானது. இட ஒதுக்கீட்டால் உயர்ந்த மண்ணில் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விதியைப் பார்க்க வேண்டியவர் வேலைக்கு எடுத்தவர். வேலைக்கு வந்தவரை அதற்காகத் தண்டிப்பது முறையல்ல. 14,000 ரூபாய் வாங்கியவர்களுக்கு 18,000 ரூபாயில் மாற்றுப்பணி தருவதாக அரசு அறிவித்தது உண்மை. அதுவும் நிரந்தரப் பணி இல்லை.

இதற்கிடையில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து செவிலியர்களை ஆயிரக்கணக்கில் அழைத்துக்கொண்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் பெற்றோர் கடன் வாங்கிப் படிக்கவைத்த பிள்ளைகள் இந்த நாட்டு வார்டுகளில் நிற்பதில் எனக்குப் பெருமை உண்டு. அவர்களில் சிலராவது விரும்பி வரவில்லை, ஊரில் நிரந்தர வேலை கிடைக்காததால் வந்தார்கள் என்பதுதான் உறுத்துகிறது.