என்னைப் பற்றி நாலு வார்த்தை

சேலையூரில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி, தாங்கள் எழுதியதை வாசிக்கிறார்கள். போன மாதம் நானும் போனேன்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க அக்கா" என்றது ஒரு பெண்.

எழுந்தேன். "ரயில்வேயில இருக்காரே, அவரோட சம்சாரம். ரெண்டு பிள்ளைங்க..." அதற்கு மேல் வாய் வரவில்லை. இருபது வருஷமாகப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கதை எழுதுவதை என்னவரிடமே சொன்னதில்லை. இவர்களிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்திலிருந்த டீச்சரம்மா என் முழியைப் பார்த்தாரோ என்னவோ, வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் அறியாதவர். ஐந்தரை வயதில் கல்யாணம். சரளமாக எழுத வராததால் முதல் நாடகம் 'இந்திர மோகனா'வை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினாராம். 1924ல் அது புத்தகமாயிற்று. மறு வருஷம் 'ஜகன்மோகினி' பத்திரிகையையே ஏற்று நடத்தினார். நாவல்கள் மட்டும் 115! (எஸ்.எஸ்.எல்.சி. படித்த எனக்கு என்ன கேடு?)

இந்த ஞாயிறு நோட்டோடு செருப்பை மாட்டினேன்.

"பால் கணக்கை எடுத்துக்கிட்டு எங்கே கிளம்பிட்டே?" என்றார் என்னவர்.

"பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்க" என்று நீட்டினேன். கை நடுங்கியது. நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார்.

"மாமியார்னு எழுதியிருக்கியே, அது எங்கம்மாவா?"