முதலிற் பயணம், பின்பு சில்லு

மோட்டார் கார் வைத்திருப்போருக்கு நடுவீதியிற் சில்லுக்குக் காற்றுப் போவது ஒருவகைத் துன்பம். வீட்டு முற்றத்திற் போவது வேறொருவகைத் துன்பம். வீதியிற் போனால் வழியிற் செல்வோர் நாலுபேர் கூடுவர். ஆளுக்கொரு யோசனை சொல்வர். அவருள் ஒருவராவது கைகொடுப்பார். முற்றத்திற் போனாலோ வீட்டிலுள்ளோர் மாத்திரமே கூடுவர். அதுவும் பெரும்பாலும் விடியற்காலையில், எல்லோரும் உடுத்துப் புறப்பட்டு நிற்கும் வேளையிலேயே அது கண்ணிற் படும். அவ்வேளையிற் காரின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தால் மாற்றுச் சில்லும் இல்லையென்றால் வீட்டுக்காரரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

மாற்றுச் சில்லு இல்லாத காரா என்று முதியோர் சிலர் வியக்கக்கூடும். உண்மையில் மோட்டார் கார் தோன்றிய தொடக்க காலத்தில் எந்தக் காரிலும் மாற்றுச் சில்லு இருந்ததில்லை. வேல்ஸ் நாட்டிலுள்ள லனெத்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி வீதியிற் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர் இருவர் 1904 ஆம் ஆண்டளவில் அதனை ஆக்கி விற்கத் தொடங்கினர். அவ்வீதியின் பெயராலேயே இந்தியாவில் இன்றும் மாற்றுச் சில்லை 'ஸ்டெப்னி' என்று அழைக்கின்றனர். அதன்பின் நெடுங்காலம் அது காரோடு கூடப் பிறந்த உறுப்புப் போலவே இருந்து வந்தது. இப்பொழுது அது மீண்டும் மறையத் தொடங்கியிருக்கின்றது. பாரம் குறைந்தால் எண்ணெய்ச் செலவு குறையும், ஹைபிரிட் கார்களில் மின்கலத்துக்கும் இடம் வேண்டும், செய்கூலியும் மிச்சம். ஆதலால் யப்பானிலிருந்து இங்கு வந்த சிறிய கார்கள் பலவற்றில் மாற்றுச் சில்லுக்குப் பதிலாக ஒரு போத்தலும் ஒரு சிறு மின்பம்பியுமே காணப்படுகின்றன.

போத்தலில் இருப்பது இறப்பர்ப் பால் போன்ற ஒரு திரவம். அதனை வால்வின் வழியே ரயருக்குட் செலுத்திக் காற்றடித்துச் சிறிது தூரம் ஓடினால், அது உள்ளே பரவித் துளையை அடைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அத்திரவத்துக்குக் காலாவதித் திகதி உண்டு. நமது நாட்டில் 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆகவே இங்கு ஓடும் கார்கள் பலவற்றிற் போத்தலின் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும். செய்முறைக் குறிப்போ யப்பானிய மொழியில் இருக்கும். எங்கள் கார் கைமாறி எங்களிடம் வந்த அன்றே அதன் போத்தல் காலங்கடந்ததாக இருந்தது.

2023 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். என் தாயாருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நிற்க வேண்டும். அந்த நாளுக்காக அம்மா பல மாதங்கள் காத்திருந்தார். ஒரு கண் முற்றாக மங்கிவிட்டது. மற்றதும் மங்கிக்கொண்டே வந்தது. பேரப்பிள்ளைகளைக் குரல் கொண்டே அடையாளம் காணும் நிலைக்கு வந்திருந்தார். அன்றைய நாள் தவறினால் அடுத்த முறை எப்போது வருமோ தெரியாது. சுன்னாகத்திலிருந்து பட்டினம் ஆறேழு மைல் தூரந்தான். இருந்தும் ஐந்தரை மணிக்கே புறப்பட ஆயத்தமானோம்.

முன்பக்கத்து இடச்சில்லு தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. முதல்நாள் முற்றத்து வேலிக்குத் தகரம் அடித்திருந்தார்கள். அதிலிருந்து விழுந்த ஆணியொன்று இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் காற்றை வெளியேற்றியிருந்தது. சந்தியிலுள்ள ஒட்டுக்கடை எட்டு மணிக்கே திறக்கும். என் கணவர், "சந்தி அரை மைல் தானே, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்க் கடைக்காரரை எழுப்புவோம்" என்றார். அம்மாவோ, "எனக்காக ஏன் இவ்வளவு பாடு? இன்னொரு நாள் போகலாம் பிள்ளை" என்று கதிரையில் அமர்ந்துவிட்டார். அந்தச் சொல் எனக்கு ஆணியிலும் பார்க்கக் கூராகத் தைத்தது.

எங்கள் சத்தங்கேட்டு, ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் முச்சக்கர வண்டிச் சாரதி எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சில்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அக்கா, முதல்ல அம்மாவை ஏத்துங்கோ. சில்லு எங்கையும் ஓடிப்போகாது" என்றார். பத்து நிமிடத்தில் அம்மாவும் நானும் அவருடைய வண்டியில் இருந்தோம். ஏழு மணிக்கு முன்னரே வைத்தியசாலை வாயிலில் இறங்கினோம்.

அந்த இளைஞர் சொன்ன வார்த்தையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வீட்டிற் சில்லுக்குக் காற்றுப் போகும்போது நம்முன் நிற்பது ஒரு பிரச்சினையன்று, இரண்டு: ஒன்று பயணம், மற்றது சில்லு. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துக்கொள்வதாலேயே பதற்றம் உண்டாகின்றது. பயணத்துக்கு வேறு வழி செய்துவிட்டால் சில்லை ஆறுதலாகப் பார்க்கலாம். பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சொல்லி வைத்தது இதற்கும் பொருந்தும்.

காற்றில்லாத சில்லில் அரை மைல் ஓடினால் என்னவாகும்? காரின் பாரம் முழுவதும் ரிம்மின் விளிம்பில் இறங்கி ரயரின் பக்கச் சுவரை நசுக்கும். உள்ளேயுள்ள இழைகள் அறுந்துவிடும். பக்கச் சுவர் பழுதான ரயருக்கு எந்தக் கடையிலும் பத்திரமான ஒட்டுப் போட முடியாது. சில நூறு ரூபாயோடு முடியும் வேலை புதிய ரயரின் விலையாகிவிடும், ரிம்மும் வளையலாம்.

நாங்கள் போனபின் என் கணவர் செய்தது இது. முதலில் வால்விற் சிறிது சவர்க்கார நீரை விட்டுப் பார்த்தார், குமிழி எழவில்லை. சில வேளைகளில் வால்வின் உட்பகுதி தளர்ந்திருப்பதே குற்றமாக இருக்கும். அதனை இறுக்கினாற் போதும். பின்பு காரைச் சற்றே உருட்டி ரயரைச் சுற்றிப் பார்த்தபோது, நிலத்தில் உருளும் பகுதியில் ஆணியின் தலை தெரிந்தது. அதனை அவர் பிடுங்கவில்லை. ரியூப் இல்லாத ரயரில் ஆணியே பாதித் துளையை அடைத்துக்கொண்டிருக்கும்; அதைப் பிடுங்கினால் மிஞ்சிய காற்றும் போய்விடும். அயல்வீட்டிற் காலால் மிதிக்கும் பம்பியொன்று இருந்தது. சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த அளவைப் பார்த்து 33 இறாத்தல் அடித்தார். அரைமணி நேரம் பொறுத்து மீண்டும் அளந்தார்; பெரிதாக இறங்கவில்லை. எட்டு மணிக்கு மெதுவாக ஒட்டுக்கடைக்கு ஓட்டிச் சென்றார். வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. துளை கால் அங்குலத்துக்கு உட்பட்டதாய், உருளும் பகுதியில் இருந்தபடியால் ஒட்டு நன்றாகப் பிடித்தது.

காற்று நில்லாதிருந்தாற் சில்லைக் கழற்றிக் கடைக்கு அனுப்புவதே வழி. அதற்குச் சமதரை வேண்டும். மாரிகாலத்துச் செம்மண்ணில் ஜக்கு அமிழ்ந்துவிடும். அதன் கீழ்த் தடித்த பலகையொன்று வைத்தல் அவசியம். கைத்தடையை இழுத்து, மற்றச் சில்லுகளுக்குக் கல் முண்டு கொடுக்க வேண்டும். நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டு அதன் பின்னரே காரை உயர்த்த வேண்டும். சில்லு கடைக்குப் போய் வரும்வரை காரை ஜக்கை மாத்திரம் நம்பி விடாது, உறுதியான மரக்குற்றிகளின் மேல் இருத்துதல் நன்று. எக்காரணங் கொண்டும் காரின் கீழே உடம்பை நுழைக்கலாகாது. சிறுவர்களை அருகில் விடலாகாது. மாற்றுச் சில்லில்லாத கார்கள் சிலவற்றில் ஜக்கும் வைக்கப்படுவதில்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்தல் நலம்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இத்தகைய முட்டுப்பாடு புதிதன்று. 1990 களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது, பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் ஓடின பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும். அக்காலத்தில் ஒருவீட்டுப் பொருள் ஒழுங்கை முழுவதற்கும் பொருளாயிருந்தது. ஒருவரிடம் பம்பி, ஒருவரிடம் சாவி, ஒருவரிடம் ஒட்டுப் பசை என்றிருந்தும் எவருடைய பயணமும் நின்றுவிடவில்லை. வசதி வந்தபின் அந்த வழக்கம் மெல்லக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு காரும் தன் பின்பெட்டியிலேயே தனக்கு வேண்டியதைச் சுமந்து சென்றமையால் அயலவர் உதவி வேண்டாததுபோற் தோன்றிற்று.

அன்றைய சத்திரசிகிச்சை நன்றாக நிறைவேறியது. அடுத்த நாட் கட்டவிழ்த்ததும் அம்மா முதலிற் பார்த்தது என் முகத்தை. பார்த்துவிட்டு, "நீ இவ்வளவு மெலிந்து போனாயே" என்றார். அதற்கு நான் விடை சொல்லவில்லை.

பின்னர் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல ஜக்கும், காலாற் மிதிக்கும் பம்பியும், காற்றளக்கும் கருவியும், துளையடைக்கும் இறப்பர்த் திரிகளும் வாங்கினோம். அவை எங்கள் விறாந்தையிலுள்ள பெட்டியில் இருக்கின்றன. கேட்டு எடுக்க வேண்டியதில்லை. ஒட்டுக்கடையினதும் முச்சக்கர வண்டியினதும் தொலைபேசி இலக்கங்கள் அடுக்களைச் சுவரில் எழுதப்பட்டுள்ளன. அச்சாரதியும் இரண்டு தடவை அப்பெட்டியைத் திறந்திருக்கின்றார். இப்பொழுது எங்கள் ஒழுங்கையில் எவருடைய சில்லுக்குக் காற்றுப் போனாலும் முதலிற் கேட்கப்படுங் கேள்வி, "அவசரமாகப் போகவேண்டியது ஆர்?" என்பதே.