கடைசி எழுத்து பொறித்த கோயில்

எகிப்து என்றதும் பிரமிடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். தெற்கே அஸ்வான் வரை போக நேரமிருந்தால், ஃபிலே கோயிலைத் தவறவிடாதீர்கள். 3,000 ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய ஓர் எழுத்து, கடைசியாகக் கல்லில் பொறிக்கப்பட்ட இடம் அதுதான்.

கோயில் இருப்பது நைல் நதியின் நடுவே, ஒரு தீவில். ஷெல்லால் படகுத்துறையிலிருந்து மோட்டார் படகில் போகவேண்டும். போக, காத்திருக்க, திரும்ப என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறும் முன்பே பேரம் பேசிக்கொள்ளுங்கள்.

படகு வளைந்து திரும்பும்போது பாறைகளுக்கு நடுவே தூண்கள் தெரிய ஆரம்பிக்கும். இது ஐசிஸ் தேவியின் கோயில். தாலமி வம்ச மன்னர்கள் கட்டியதை, பின்னால் வந்த ரோமானியப் பேரரசர்கள் விரிவாக்கினார்கள். 18 மீட்டர் உயர முகப்புக் கோபுரத்தில் மன்னன் எதிரிகளின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஓங்கி நிற்கிறான். கிட்டத்தில் போனால், பல தெய்வ உருவங்களை உளியால் கொத்திச் சிதைத்திருப்பது தெரியும். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் இங்கே வழிபாட்டை நிறுத்தினார். தூண் மண்டபம் தேவாலயமாகியது. அப்போது செதுக்கிய சிலுவைகள் இன்றும் தூண்களில் இருக்கின்றன.

கூட்டமெல்லாம் கருவறைப் பக்கம் நகரும்போது நீங்கள் மேற்கே திரும்புங்கள். ஹேட்ரியன் வாசல் என்ற சிறிய கட்டடம். அதன் சுவரில் மண்டுலிஸ் என்ற தெய்வத்தின் உருவமும், பக்கத்தில் சில வரிகளும் உண்டு. கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று நெஸ்மெட்டராகெம் என்ற பூசாரி பொறித்தவை. நாம் அறிந்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் கடைசி இதுதான். என்றென்றைக்கும் நிலைக்கவேண்டும் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அதன்பின் சுமார் 1,400 ஆண்டுகள் அதைப் படிக்க உலகில் ஆளில்லை.

வேடிக்கை என்னவென்றால், மறுபடி படிப்பதற்கும் இதே கோயில் உதவியது. இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஒரு கல்தூணில் கிளியோபாட்ரா என்ற பெயர் இருந்தது. 1822-ல் சாம்போலியன் இந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தபோது, ரொசெட்டா கல்லோடு இந்தப் பெயரும் கைகொடுத்தது.

அந்தச் சுவரை நாம் பார்க்க முடிவதே பெரிய விஷயம். 1902-ல் அஸ்வானில் முதல் அணை வந்ததும், ஆண்டின் பெரும்பகுதி கோயில் தண்ணீரில் நின்றது. சுற்றுலாப் பயணிகள் தூண்களுக்கு நடுவே படகில் போனார்கள். சுவர்களின் வண்ணம் கரைந்தது. 1960-களில் இன்னொரு பெரிய அணை கட்டியபோது, கோயிலையே இழக்கும் நிலை. யுனெஸ்கோவும் எகிப்து அரசும் கோயிலைச் சுற்றித் தடுப்பணை கட்டி, தண்ணீரை இறைத்து, சுமார் 40,000 கற்களாகப் பிரித்து, பக்கத்திலுள்ள அகில்கியா தீவில் அடுக்கின. 1980-ல் கோயில் மறுபடி திறந்தது. புராணத்தில் ஐசிஸ், கணவன் ஒசிரிஸின் சிதறிய உடலைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தாள். அவள் கோயிலையும் அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை போவது நல்லது. மற்ற மாதங்களில் வெயில் தாங்காது. காலையில் முதல் படகைப் பிடியுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும், ஹேட்ரியன் வாசலில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.