ஊசியும் நூலும் கொண்டு ஒரு விமானம்

பயணம் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுற்றுலா அல்ல. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாமான்களும் அதன் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும்தான். விமானம் என்ற சொல்லுக்கும் எங்களிடம் வேறொரு அகராதி இருந்தது. என் சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் சகடை என்றும் பொம்மர் என்றும் சொன்னோம். பின்னர் வன்னியில் கிபிர் என்றும் வண்டு என்றும் சொன்னோம். சத்தத்தை வைத்தே எது வருகிறது, பங்கருக்கு ஓட நேரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஐந்து வயதுப் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருந்தார்கள். எனவே, நண்பர்கள் சிலர் சேர்ந்து பொழுதுபோக்காக ஒரு பழைய விமானத்தைத் திருத்துகிறார்கள், வந்து பார் என்று யாராவது கூப்பிட்டால், உங்களில் எத்தனை பேர் போவீர்கள் சகோதரிகளே? நான் போனேன். போய்ப் பார்த்ததைத்தான் இங்கு எழுதுகிறேன்.

2019 யூலையில் உளசமூகப் பணி தொடர்பான மூன்று வாரப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றிருந்தேன். வார இறுதிகளில் பெட்போர்ட் நகரில் வசிக்கும் சித்தியின் மகள் வீட்டில் தங்கினேன். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற லொறி மெக்கானிக். சனிக்கிழமை காலையில் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக, வேலைக்குப் போவது போலவே புறப்படுவார். எங்கே போகிறார் என்று கேட்டேன். "பிளேனுக்கு" என்றார் அக்கா. அடுத்த சனிக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார் அவர்.

நகரை விட்டு வெளியே வந்தால் பெட்போர்ட்ஷயர் முழுவதும் வயல்தான். கோதுமை முற்றி நின்றது. ஒரு பண்ணையின் பின்புறத்தில் தகரம் வேய்ந்த பெரிய கொட்டகை. ஒரு மூலையில் வைக்கோல் கட்டுகள், மறு மூலையில் பழைய கலப்பை, நடுவில் எலும்புக்கூடு போல ஒரு விமானம். அதன் நான்கு சிறகுகளும் தனித்தனியாக மரக் குதிரைகளின் மேல் கிடந்தன.

அது ரைகர் மொத் என்ற வகை. டி ஹவிலண்ட் கொம்பனியார் 1931இல் முதன்முதலாகப் பறக்கவிட்டது. எட்டாயிரத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. இரண்டு அடுக்குச் சிறகு, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரத் திறந்த இருக்கைகள், நான்கு சிலிண்டர் இயந்திரம். அதற்குச் சுவிட்ச் போட்டு ஸ்டார்ட் செய்யும் வசதி இல்லை. முன்னால் நின்று ஒருவர் விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். பிரேக்கும் இல்லை. வாலின் அடியில் உள்ள சிறு கட்டை புல்லில் உரசித்தான் வேகம் குறையும். உடலுக்கு இரும்புக் குழாய், சிறகுக்கு மரம், எல்லாவற்றுக்கும் மேலே துணி. ஆம், துணிதான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றுகிற பட்டம். மூங்கிலைச் சீவி வளைத்துக் கட்டி அதன் மேல் தாளை இழுத்து ஒட்டுவதில்லையா? அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது.

ஐந்து நண்பர்கள் பங்கு போட்டு அதனை 2011இல் வாங்கியிருக்கிறார்கள். மெக்கானிக்கைத் தவிர மற்றவர்கள் பாடசாலை ஒன்றில் மரவேலை கற்பித்தவர், வங்கி எழுதுவினைஞர், ஒரு விவசாயி, ஒரு தபாற்காரர். வாங்கியபோது அது விமானமாக இருக்கவில்லை. பெட்டி பெட்டியாகத் துண்டுகள். முதல் வருடம் முழுவதும் துண்டுகளை அடுக்கி, பெயர் எழுதிக் கட்டி, கொப்பியில் பதிவதிலேயே போனதாம். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வெளியே பளபளப்பாக இருந்த குழாய் உள்ளே துருப்பிடித்திருந்தது. சிறகின் மரத்தில் ஒட்டு விட்டிருந்தது. அந்தக் காலத்து மர விமானங்களில் பாலிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்தினார்கள். ஈரம் பட்டால் அது பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிடும். மேலே துணி மூடியிருப்பதால் வெளியே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தாங்களே திருத்தித் தாங்களே பறப்பதற்கு அங்கு இடமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதி பெற்ற பரிசோதகர் ஒருவர் வந்து பார்ப்பார். மரச்சட்டம் முடிந்ததா, அவர் கையொப்பம் வைத்த பிறகுதான் துணி போர்த்தலாம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சிறகில் ஒரேயொரு ஒட்டு அவருக்குத் திருப்தியாக இல்லையாம். நான்கு மாத வேலையைக் கழற்றிவிட்டு மீண்டும் செய்திருக்கிறார்கள். மரவேலை ஆசிரியர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுத் திட்டங்களில் சுவர் காயும் முன்பே கூரை போட்டு, திறப்பு விழாப் பலகையும் மாட்டிவிட்டுப் போகிற அவசரத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் எனது.

அன்று நடந்தது துணி வேலை. அதைச் செய்தவர் ஐவரில் ஒருவர் அல்ல, அறுபத்தெட்டு வயதான ஒரு பெண்மணி. அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அப்படி வாய் வரவில்லை, அம்மா என்றே எழுதுகிறேன். தபாற்காரரின் மனைவி அவர். கணவர் 2014இல் புற்றுநோயால் காலமானார். மற்ற நால்வரும் அவருடைய பங்குக்கான பணத்தைத் தர முன்வந்தபோது அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டார். "அவருடைய சனிக்கிழமையை எனக்குத் தாருங்கள்" என்று கேட்டாராம். முதல் சில மாதங்கள் தேநீர் ஊற்றினார். பிறகு மரச்சட்டங்களுக்கு வார்னிஷ் பூசினார். இப்போது நான்கு சிறகுகளின் துணி வேலைக்கும் அவர்தான் பொறுப்பு.

அந்த வேலையை உங்களுக்குக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். இதழை வாசிக்கிற உங்களில் பலர் தையல் இயந்திரத்தால் சீவியம் நடத்துகிறவர்கள் அல்லவா? ஆளிச் செடியின் நாரில் நெய்த லினன் துணியைத் தலையணை உறை போலப் பெரிய பையாகத் தைத்துச் சிறகின் மேல் இழுத்து மாட்டுகிறார்கள். அதன் பின் கைத்தையல். ஒரு முழ நீள ஊசியில் மெழுகு பூசிய நூல். சிறகை நிமிர்த்தி நிறுத்தி, ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் நிற்பார்கள். ஊசி துணியைத் துளைத்து, மரச் சட்டத்தின் ஓரமாக மறுபக்கம் போகும். அங்கே நிற்பவர் சட்டத்தின் மற்ற ஓரத்தால் அதைத் திருப்பி அனுப்புவார். ஏறத்தாழ மூன்று அங்குலத்துக்கு ஒரு தையல். விசிறியின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் இன்னும் நெருக்கம். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றவை கழன்று போகாமல் இருக்கத்தான் அது. தையலின் மேல் ஓரம் பல்லுப் பல்லாக வெட்டிய நாடாவை ஒட்டி மறைக்கிறார்கள். பிறகு டோப் என்கிற திரவத்தைப் பல தடவை பூசுவார்கள். நகப்பூச்சு மணம்தான் அதற்கும். காயக் காயத் துணி சுருங்கி மேளத்தோல் போல இறுகிவிடும். நிறத்துக்கு முன்னால் வெள்ளி நிறப் பூச்சு ஒன்று உண்டு. வெயில் துணியைத் தின்றுவிடாமல் காப்பது அதுதான்.

என்னைச் சிறகின் மறுபக்கம் நிற்கச் சொன்னார் அம்மா. ஊசி துணியைத் துளைத்துக்கொண்டு என் பக்கம் வரும், நான் திருப்பி அனுப்புவேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். அப்படி நின்றுகொண்டுதான் அவர் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். ஒரு சட்டத்தில் அவர் பென்சிலால் எழுதிய அளவு இருந்ததாம். துணி போர்த்தும்போது அதை அழிக்காமல் உள்ளேயே விட்டுவிட்டாராம். என் ஊரைப் பற்றியும் கேட்டார். எனது தகப்பனார் 1995 இடப்பெயர்வில் தவறியதைச் சொன்னேன். எப்படி என்று கேட்டார். ஷெல் என்றேன். சற்று நேரம் ஊசி வரவில்லை. பிறகு வந்தது.

அவருடைய இழப்பையும் எங்களுடையதையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை. அவரது கணவர் வைத்தியசாலைக் கட்டிலில், மனைவியின் கையைப் பிடித்தபடி போனார். கல்லறை இருக்கிறது, பூ வைக்க இடம் இருக்கிறது. சனிக்கிழமையை விமானத்துக்குக் கொடுக்க ஓய்வூதியமும் இருக்கிறது. பொழுதுபோக்கு என்பதே வயிறு நிறைந்தவர்களின் சொல் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்வார். அது பெரும்பாலும் சரிதான். ஆனாலும், கணவன் விட்டுச்சென்ற வேலையிலிருந்து மனைவியை மெதுவாக ஒதுக்கிவிடுகிற வழக்கம் எங்கள் ஊரில் எப்படி நடக்கிறது என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். வள்ளத்தை மைத்துனர் எடுப்பார், வயலைக் குத்தகைக்கு விடச் சொல்வார்கள், கராஜைப் பூட்டுவார்கள். பணம் வேண்டாம், இடம் வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பதே எங்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் கேட்க விடுவதில்லை.

சமூகவியல் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் கவனித்தேன். விமானச் சரித்திரத்தில் பறந்த ஆண்களின் பெயர்கள்தான் நிறைய உண்டு. ஆனால் அந்தக் காலத்து விமானத் தொழிற்சாலைகளில் துணிப் பகுதியில் இருந்து தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெயர் வெளியே வந்த பெண் எமி ஜோன்சன். பொருளியல் பட்டதாரி, சட்டத்தரணி அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். விமானத்தைத் திருத்திப் பராமரிக்கும் தகுதிப்பத்திரத்தை 1929இல் பெற்றார்; பிரித்தானியப் பெண்களில் அவரே முதலாமவர். 1930 மே 5ஆம் திகதி லண்டனுக்கு அருகே குரொய்டனிலிருந்து, ரைகர் மொத்தின் மூத்த சகோதரியான ஜிப்சி மொத்தில் தனியாகப் புறப்பட்டு, மே 24இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். அப்போது வயது 26. வழியில் பர்மாவின் இன்சீனில் இறங்கும்போது பள்ளத்தில் விழுந்து சிறகு கிழிந்தது. முதலாம் உலக யுத்தத்தில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றைப் பிரித்துத்தான் சிறகை ஒட்டுப்போட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அவரும், தொழிற்சாலையிலிருந்து விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச்சென்று ஒப்படைக்கும் சேவையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5இல் தேம்ஸ் நதியின் கழிமுகத்தில் விமானம் விழுந்தது. உடல் கிடைக்கவேயில்லை.

ரைகர் மொத்தும் பாவமறியாத பட்டம் அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு போடப்போன விமானிகள் பலரும் முதலில் பறக்கப் பழகியது இதில்தான். 1940இல் ஜேர்மனியர் கரையிறங்கினால் இதிலேயே சிறு குண்டுகளை மாட்டி அனுப்பவும் ஆயத்தம் செய்தார்கள். அதை மெக்கானிக்கிடம் கேட்டேன். மறைக்கவில்லை. குண்டு மாட்டும் சட்டம் எந்த இடத்தில் வரும் என்று கையால் தொட்டுக் காட்டினார்.

மறுநாள் ஞாயிறு, அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள ஓல்ட் வோர்டன் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். தடித்த புல்லுக்கூரை வேய்ந்த அழகிய சிறு வீடுகள் உள்ள ஊர். அங்கே புல் மைதானமொன்றின் ஓரத்தில் ஷட்டில்வேர்த் தொகுப்பு இருக்கிறது. 1909ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம்கூட அங்கே இயங்கும் நிலையில் உள்ளது. தொடக்கியவர் ரிச்சர்ட் ஷட்டில்வேர்த் என்ற இளைஞர். அவர் 1932இல் வாங்கிய மொத் விமானம் இன்னும் அதே மைதானத்தில் நிற்கிறது. 1940 ஓகஸ்ட்டில், விமானப்படையில் இரவுப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். வயது 31.

என் மனம் நின்றது அவருடைய தாயிடம். டொரதி ஷட்டில்வேர்த். 1913இலேயே கணவனை இழந்தவர். ஒரே பிள்ளையையும் விமானம் கொண்டுபோனது. யுத்த காலத்தில் தன் மாளிகையைக் காயப்பட்டவர்கள் தேறும் இடமாக விட்டுக்கொடுத்தார். 1944இல் மகன் நினைவாக ஓர் அறக்கட்டளையை அமைத்து, விவசாயக் கல்விக்கும் விமானக் கல்விக்கும் சொத்தை எழுதி வைத்தார். மகனைக் கொன்ற பொருளை மகன் நேசித்தான் என்பதற்காகக் காப்பாற்றிய அந்தத் தாயை எப்படி விளங்கிக்கொள்வது என்று இன்றும் எனக்கு முழுதாகத் தெரியவில்லை. வசதியிருந்தது, செய்தார் என்று கடந்துபோகவும் முடியவில்லை. எங்கள் ஊர்த் தாய்மார் பிள்ளையின் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிற்பகல் ஒரு ரைகர் மொத் மேலெழும்பியது. விசிறியைச் சுழற்றியவர் பின்னால் விலகினார், இயந்திரம் இருமி இருமிப் பிடித்தது. தலைக்கு மேல் வந்தபோது என் தோள் தானாகக் குறுகியது. அக்காவுக்கும் அப்படித்தான் என்று பின்னர் சொன்னார். இருபது வருடம் அங்கே வாழ்ந்தும் போகவில்லையாம். ஆனால் கண்ணை மூடவில்லை. சிறகின் அடியில் நாடா ஒட்டிய வரிகள் வெயிலில் தெரிந்தன. எத்தனை தையல் இருக்கும் என்று எண்ணப் பார்த்தேன், அதற்குள் திரும்பிவிட்டது.

இரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சத்தம் என்ன மாதிரி?" என்றார். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசின் மாதிரி என்றேன்.

"அப்ப பரவாயில்லை" என்றார் அம்மா. பிறகு, "அந்த மனிசி தைக்கிற நூலுக்கு என்ன மெழுகு போடுறவவாம், கேட்டனியே?"

தேன்மெழுகு என்றேன்.